கடைசியாக வருகிறவளுக்கும் ஓர் ஓட்டம்

பள்ளி விளையாட்டு விழாவில் நான் நானூறு மீட்டர் ஓடியது ஒரே ஒருமுறை, எட்டாம் வகுப்பில். நான் எல்லைக்கோட்டை நெருங்கியபோது அங்கே ரிப்பன் பிடித்திருந்த இரண்டு அக்காமார்கள் அதைச் சுருட்டிக்கொண்டு குண்டெறிதல் பார்க்கப் போய்விட்டிருந்தார்கள். யாரும் திட்டவில்லை, சிரிக்கவுமில்லை. மைதானத்தில் இன்னும் ஒருத்தி ஓடிக்கொண்டிருக்கிறாள் என்பதே யாருக்கும் நினைவில்லை. அதற்குப் பிறகு கல்லூரி முடியும்வரை நான் ஓடியதெல்லாம் டவுன் பஸ்ஸைப் பிடிக்கத்தான். சேலத்தில் என் வயதுப் பெண்களிடம் இதைச் சொன்னால், 'நீயாவது ஓடினாய், எங்களைக் கைதட்டத்தான் உட்காரவைத்தார்கள்' என்கிறார்கள்.

ஏழைப் பெண் குழந்தைகளின் உடல்நலத்துக்கும் தன்னம்பிக்கைக்கும் ஓட்டத்தைக் கருவியாக்கும் பள்ளித் திட்டங்கள் உலகின் பல ஊர்களில் நடக்கின்றன. இவற்றைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் அந்தச் சுருட்டிய ரிப்பன்தான் எனக்கு நினைவுக்கு வரும். இந்தத் திட்டங்கள் முதலில் வருகிறவளுக்காகப் போடப்பட்டவை அல்ல என்பதுதான் இவற்றில் உள்ள புதுமை. அந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் மற்றவை தானே விளங்கும். அதைத் தவறவிட்டால், நம் ஊரில் ஏற்கெனவே உள்ள விளையாட்டு விழாவுக்கு இன்னொரு பேனர் கட்டியதாக முடியும்.

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் சார்லட் என்றொரு நகரம். அங்கே 1996ல் மாலி பார்க்கர் என்ற பெண், 13 சிறுமிகளைச் சேர்த்துக்கொண்டு 'கேர்ள்ஸ் ஆன் த ரன்' என்ற பெயரில் ஓர் ஓட்டக் குழுவைத் தொடங்கினார். மூன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான சிறுமிகள் வாரம் இரண்டு முறை கூடுவார்கள். கொஞ்சம் ஓட்டம், கொஞ்சம் பேச்சு. பருவத்தின் முடிவில் எல்லோரும் சேர்ந்து 5 கிலோமீட்டர் ஓடி முடிப்பார்கள். நடந்து முடித்தாலும் முடித்ததுதான். ஸ்காட்லாந்தின் ஸ்டெர்லிங் நகரில் 2012ல் தொடங்கியது வேறு மாதிரி. எலைன் வைலி என்ற தலைமையாசிரியர் தம் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளைத் தினமும் 15 நிமிடம், சீருடையோடு, பாடவேளைக்கு நடுவிலேயே வெளியே அனுப்பி ஓடவோ நடக்கவோ செய்தார். 'டெய்லி மைல்' என்று அது பெயர் பெற்றுப் பல நாடுகளுக்குப் போயிற்று. முன்னது சிறுமிகளுக்கென்றே அமைந்தது, பின்னது எல்லோருக்கும் பொது. இரண்டிலும் தேர்வுப் போட்டி கிடையாது, யாரையும் கழித்துக்கட்டுவதில்லை.

நம் பள்ளி விளையாட்டு ஒரு சல்லடை. குறுவட்டப் போட்டியில் தேறினால் மாவட்டம், அதில் தேறினால் மாநிலம். குறுவட்டத்தில் கலந்துகொள்ளவே, பள்ளி அளவில் முன்னணியில் வந்திருக்க வேண்டும். சல்லடையை நான் குறை சொல்லவில்லை. மதுரை சக்கிமங்கலத்தில் தாய் தந்தையை இழந்து, பாட்டியின் கூலி உழைப்பில் வளர்ந்து, காலணி இல்லாமலே ஓடத் தொடங்கிய ரேவதி வீரமணி, 2021ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் கலப்புத் தொடர் ஓட்டம் ஓடினார். நம் சேலம் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டி மாரியப்பன் 2016 ரியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் தங்கமும், டோக்கியோவில் வெள்ளியும், 2024 பாரிஸில் வெண்கலமும் பெற்றார். சல்லடை இல்லாமல் இப்படிப்பட்டவர்கள் கண்ணில் பட மாட்டார்கள். ஆனால் சல்லடைக்குக் கீழே விழுகிற ஆயிரம் பிள்ளைகளை அதன்பிறகு நாம் என்ன செய்கிறோம்? அவர்களுடைய பி.டி. வகுப்பைக் கணக்கு ஆசிரியருக்குக் கொடுத்துவிடுகிறோம்.

கல்வி உரிமைச் சட்டம் (2009) நூறு பிள்ளைகளுக்கு மேல் படிக்கும் நடுநிலைப் பள்ளிகளுக்கு உடற்கல்வி, கலை, தொழிற்கல்வி ஆகியவற்றுக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் வேண்டும் என்கிறது. பகுதிநேரம் என்பதைக் கவனியுங்கள். வாரத்தில் சில அரைநாட்கள் வந்துபோகும் ஒருவரால் பள்ளி அணியைத் தேற்றுவதே பெரும்பாடு. அணியில் இல்லாதவளைப் பற்றி அவர் நினைக்கவில்லை என்றால், குற்றம் அவர் மேல் இல்லை.

பன்னிரண்டு வயதில் என்ன நடக்கிறது

உலக சுகாதார நிறுவனம் 5 முதல் 17 வயதுவரையுள்ள பிள்ளைகள் சராசரியாக நாளுக்கு 60 நிமிடம் மூச்சு வாங்கும் அளவுக்கு உடலை இயக்க வேண்டும் என்கிறது. அந்த நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 146 நாடுகளின் தகவலைத் தொகுத்து 2019ல் வெளியிட்ட கணக்கின்படி, 11 முதல் 17 வயதுப் பெண்களில் 85 சதவீதத்தினர் இந்த அளவை எட்டவில்லை. பையன்களில் 78 சதவீதம். பையன்களும் ஒன்றும் பெருமைப்படும்படி இல்லை என்பது வேறு விஷயம். ஆனால் அவர்களுக்குத் தெருவில் கிரிக்கெட் உண்டு. பெண்ணுக்குத் தெரு எந்த வயதில் மூடுகிறது என்று எல்லா வீட்டுக்கும் தெரியும்.

வயதுக்கு வந்ததும் மஞ்சள் நீராட்டு, பந்தல், சீர்வரிசை, அதற்கப்புறம் ஒரு நீண்ட பட்டியல். துள்ளாதே, சத்தமாகச் சிரிக்காதே, கால் அகட்டி ஓடாதே. 'ஓடினால் கர்ப்பப்பை இறங்கிவிடும்' என்று சொல்லும் பாட்டிமார்கள் இன்னும் இருக்கிறார்கள். இதை நம் நாட்டு மூடநம்பிக்கை என்று மட்டும் நினைத்து வெட்கப்பட வேண்டாம். 1928ல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்களுக்கு முதன்முறையாக 800 மீட்டர் ஓட்டம் வைத்தார்கள். இறுதிச் சுற்றில் ஓடிய ஒன்பது பேரும் ஓடி முடித்தார்கள். மூச்சு வாங்கிச் சிலர் தரையில் சாய்ந்ததை வைத்து, பெண்ணுடல் இதைத் தாங்காது என்று ஐரோப்பிய, அமெரிக்கப் பத்திரிகைகள் அலறின. அதோடு அந்த ஓட்டத்தை எடுத்துவிட்டார்கள். மீண்டும் ஒலிம்பிக்கில் அது வந்தது 1960ல், ரோமில். பெண்களுக்கு ஒலிம்பிக் மாரத்தான் வர 1984 ஆயிற்று. பாட்டி சொன்னதைத்தான் படித்த மருத்துவர்களும் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

உண்மையில் அந்த வயதில்தான் ஓட்டம் மிகவும் தேவைப்படுகிறது. பெண்ணுடல் வேகமாக உயரும் அந்த ஓரிரு ஆண்டுகளில், வாழ்நாள் முழுவதற்குமான எலும்புத் தாதுவில் ஏறத்தாழ கால்பங்கு சேர்ந்துவிடுகிறது. பதினெட்டு வயதுக்குள் பெரும்பகுதி முடிந்துவிடும். எலும்புக்கு வேண்டியது பாரம்: குதித்தல், தரையில் கால் அறைதல், படி ஏறுதல். அறுபது வயதில் இடுப்பெலும்பு முறிந்து கிடக்கும் பாட்டியின் வைத்தியம் பன்னிரண்டு வயதில் தொடங்கியிருக்க வேண்டும். நாமோ சரியாக அந்த வயதில் அவளை உட்காரவைக்கிறோம்.

மாதவிடாய் நாட்களில் ஓடலாமா என்பதுதான் பெற்றோர் முதலில் கேட்கும் கேள்வி. உடம்புக்கு முடிந்தால் ஓடலாம், முடியாவிட்டால் நடக்கலாம், வலித்தால் உட்காரலாம். தொடர்ந்து உடற்பயிற்சி செய்கிறவர்களுக்கு மாதவிடாய் வலி குறைகிறது என்று ஆய்வுகளைத் தொகுத்தவர்கள் சொல்கிறார்கள். சான்று இன்னும் அவ்வளவு வலுவானதல்ல என்பதையும் அவர்களே சொல்கிறார்கள். பிரச்சினை பெரும்பாலும் வலியைப் பற்றியதாக இல்லை. துணியைப் பற்றியதாக இருக்கிறது. தமிழக அரசின் 'புதுயுகம்' திட்டத்தில் வளரிளம் பெண்ணுக்கு ஆண்டுக்கு 18 பாக்கெட் நாப்கின் தருகிறார்கள், பாக்கெட்டுக்கு ஆறு. கணக்குப் போட்டால் மாதத்துக்கு ஒன்பது வருகிறது. ஐந்து நாள் உதிரப்போக்குள்ள பெண் அதை எண்ணி எண்ணித்தான் பயன்படுத்துவாள். கறை பட்டுவிடுமோ என்ற பயத்தோடு எவளும் ஓட மாட்டாள். ஆகவே ஓட்டத் திட்டத்தின் முதல் செலவு ஷூ அல்ல. கழிவறையில் தண்ணீர், கதவுக்குத் தாழ்ப்பாள், ஆசிரியையின் மேசையில் கேட்காமலே எடுத்துக்கொள்ள ஒரு டப்பா நாப்கின். அதற்கடுத்தது, இதைச் சொல்லப் பலருக்கும் கூச்சம், சரியான உள்ளாடை. மார்பு அசைவதும் வலிப்பதும் வளரும் பெண்கள் விளையாட்டை விடுவதற்கு ஒரு பெரிய காரணம் என்று இங்கிலாந்தில் பள்ளி மாணவிகளிடம் நடத்திய ஆய்வு சொல்கிறது. நம் ஊரில் இதை யாரும் ஆய்வு செய்யவே வேண்டாம். துப்பட்டாவை இறுக்கிக் கட்டிக்கொண்டு, தோளைக் குறுக்கி ஓடும் பெண்ணைப் பார்த்தாலே தெரியும்.

வெறும் வயிற்றில் ஓட்டம்

இந்தத் திட்டங்களை மேலைநாடுகளிலிருந்து அப்படியே எடுத்துவந்து நட முடியாததற்கு ஒரே பெரிய காரணம் சோறு. அங்கே ஓட்டத்தின் கவலைகளில் ஒன்று உடல் பருமன். இங்கே, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதத்தினருக்கு இரத்தசோகை என்கிறது 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு. பன்னிரண்டு வயதைத் தாண்டிய பெண்ணுக்கு இரத்தத்தில் ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 12 கிராம் இருக்க வேண்டும். தசைக்கு ஆக்சிஜனைச் சுமந்து போவது அதுதான். ஒன்பது, ஒன்பதரை கிராமோடு ஓடுகிறவள், முக்கால் லோடு ஏற்றிய லாரியால் முழு லோடு வேலை செய்யப் பார்க்கிறாள். இரண்டு சுற்றில் கண் இருட்டும். 'சோம்பேறி' என்று பெயர் வாங்குவாள். அந்தப் பெயரை அவளும் நம்பிவிடுவாள் என்பதுதான் கொடுமை. தன்னம்பிக்கைத் திட்டம் என்று தொடங்கியது, 'என்னால் முடியாது' என்று அவளுக்கு நிரூபித்துக் காட்டிவிடும்.

ஆகவே வரிசை முக்கியம். முதலில் இரத்தப் பரிசோதனை. பள்ளிகளுக்கு வரும் நடமாடும் மருத்துவக் குழுவின் வருகையை ஒட்டித் திட்டத்தைத் தொடங்கினால் இதற்குத் தனிச் செலவில்லை. 8 கிராமுக்குக் கீழே இருப்பவளை ஓடவிடக் கூடாது, அவள் போக வேண்டிய இடம் ஆரம்ப சுகாதார நிலையம். மற்றவர்களுக்கு வாராந்திர இரும்புச்சத்து மாத்திரை இருக்கவே இருக்கிறது. வளரிளம் பருவத்தினருக்கான அந்த நீல மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் போலிக் அமிலமும் உண்டு. வயிற்றைப் புரட்டுகிறது என்று பிள்ளைகள் அதை ஜன்னலுக்கு வெளியே எறிவதும் உண்டு. மதிய உணவுக்குப் பின் விழுங்கினால் புரட்டல் குறையும். விழுங்கிய கையோடு டீயோ காபியோ குடித்தால் இரும்பு உடம்பில் சேராமல் போகும். நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்ந்தால் கூடுதலாகச் சேரும்.

அடுத்தது காலை உணவு. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி, மறு ஆண்டு ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கும் விரிந்தது. நல்ல திட்டம், சந்தேகமே இல்லை. ஆனால் அது ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரைக்குமானது. ஆறாம் வகுப்புக்குப் போகும் பெண், வயதுக்கு வரும் நேரத்தில், இரும்பும் புரதமும் கூடுதலாகத் தேவைப்படும் நேரத்தில், அந்தத் தட்டை இழக்கிறாள். செவ்வாய்ப்பேட்டையிலோ பனங்காட்டிலோ வீட்டிலேயே வெள்ளிக்கொலுசு வேலை நடக்கும் குடும்பத்தில், காலை நேரம் அம்மாவுக்கும் பட்டறை நேரம்தான். இளம்பிள்ளைப் பக்கம் தறி வீடுகளில் பெண் எழுந்ததும் தறிக்கான நூலைத் தாரில் சுற்றுவாள், குழாயில் தண்ணீர் பிடிப்பாள், தம்பியைக் கிளப்புவாள். ஒரு டம்ளர் டீயோடு பள்ளிக்கு வருகிறவளிடம் 'காலை ஏழரைக்கு ஓட்டப் பயிற்சி' என்று சொல்வது இரக்கமில்லாத வேலை.

கணக்கு மிகச் சின்னது. ஓட்டத்துக்கு ஆகும் ஆற்றல், தோராயமாக ஒரு கிலோ எடைக்கு ஒரு கிலோமீட்டருக்கு ஒரு கலோரி. 35 கிலோ எடையுள்ள பெண் மூன்று கிலோமீட்டர் ஓடினால் நூற்றுச் சொச்சம் கலோரி. ஒரு வாழைப்பழமும் சின்னக் கடலை உருண்டையும் அதை ஈடுகட்டி மிச்சமும் வைக்கும். இதைக்கூடத் தர முடியாத திட்டம் அந்தப் பெண்ணின் உடம்பிலிருந்து எடுத்துக்கொள்கிறதே தவிர எதையும் கொடுப்பதில்லை. வேண்டிய ஆற்றல் கிடைக்காமல் தொடர்ந்து பயிற்சி செய்யும் வீராங்கனைகளுக்கு மாதவிடாய் நிற்பதும் எலும்பு மெலிவதும் நேர்வதைச் சர்வதேச ஒலிம்பிக் குழு 2014ல் ஒரு தனிக் கோளாறாகவே பெயரிட்டு எச்சரித்தது. அது பணக்கார நாட்டு வீராங்கனைகளைப் பற்றிச் சொன்னது. சத்தில்லாத வயிற்றுக்கு அது இன்னும் சீக்கிரம் பொருந்தும்.

நம்பிக்கை எங்கிருந்து வருகிறது

'தன்னம்பிக்கை' என்ற சொல்லை நம் மேடைகள் தேய்த்துவிட்டன. கையை உயர்த்தி 'என்னால் முடியும்' என்று மூன்று முறை கத்தச் சொல்லும் பேச்சாளர்களைப் பள்ளிக்குப் பள்ளி கூட்டிவருகிறார்கள். பிள்ளைகள் கத்துகிறார்கள். மணி அடித்ததும் மறந்துவிடுகிறார்கள். உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977ல் இதை வேறு விதமாக வைத்தார். ஒரு காரியத்தைத் தன்னால் செய்ய முடியும் என்ற எண்ணத்துக்கு நான்கு ஊற்றுகள். தானே செய்து முடித்த அனுபவம். தன்னைப் போன்ற ஒருத்தி செய்வதைப் பார்ப்பது. பிறர் சொல்லும் ஊக்கம். தன் உடம்பு தரும் அறிகுறிகள். இவற்றில் வலுவானது முதலாவது. மேடைப் பேச்சு மூன்றாவதில் மட்டுமே நிற்கிறது.

ஓட்டம் முதலாவதில் நிற்பதால்தான் இந்தக் காரியத்துக்குப் பொருத்தமாக இருக்கிறது. முதல் வாரம் ஒரு நிமிடம் மெல்லோட்டம், இரண்டு நிமிடம் நடை, இப்படி ஐந்தாறு முறை. நான்காம் வாரம் மூன்று நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை. எட்டாம் வாரம் பத்து நிமிடம் நிற்காமல். வேகத்துக்கு ஒரே அளவு: பக்கத்தில் ஓடுகிறவளோடு பேச முடிய வேண்டும். பேச முடியவில்லை என்றால் வேகம் அதிகம். இதில் யாரும் யாரையும் முந்துவதில்லை. மதிப்பெண் யாரும் போடுவதில்லை. ஆகையால் யாரும் குறைக்கவும் முடியாது. போன மாதம் ஒரு சுற்றுக்கே உட்கார்ந்தவள் இன்று ஆறு சுற்று ஓடியிருக்கிறாள் என்பது அவளுக்கே தெரியும்.

சுற்றை எண்ணுவதற்கு எனக்குப் பிடித்த வழி புளியங்கொட்டை. புறப்படும் இடத்தில் ஒரு கூடை, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு கொட்டை எடுத்துப் பாவாடைப் பையிலோ துப்பட்டா முடிச்சிலோ போட்டுக்கொள்ள வேண்டும். 200 மீட்டர் சுற்றளவுள்ள மைதானத்தில் 25 கொட்டை சேர்ந்தால் 5 கிலோமீட்டர். மணிக்கட்டில் கட்டும் மின்னணுக் கருவியைவிட இது மேல். கொட்டையை வீட்டுக்குக் கொண்டுபோய் அம்மாவிடம் காட்டலாம்.

ஓட்டம் முடிந்தபின் வட்டமாக உட்கார்ந்து பேசும் இருபது நிமிடம் திட்டத்தின் மறுபாதி. மூச்சு வாங்கி, வியர்த்து, கடலை உருண்டையைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெண்கள் வகுப்பறையில் பேசாததைப் பேசுவார்கள். பேருந்தில் உரசுகிறவனைப் பற்றி, உள்ளங்கை வேர்த்துப் பரிட்சையில் மறந்துபோனதைப் பற்றி, மாமா வீட்டில் பேசி வைத்திருப்பதைப் பற்றி. கடைசியாகச் சொன்னது சேலத்தில் சின்ன விஷயம் அல்ல. தமிழ்நாட்டில் 20 முதல் 24 வயதுப் பெண்களில் 12.8 சதவீதத்தினர் பதினெட்டுக்கு முன்பே திருமணம் ஆனவர்கள் என்கிறது அதே குடும்பநல ஆய்வு.

இந்த மாவட்டத்துக்கு இன்னொரு நினைவும் உண்டு. பெண் சிசுக்கொலையைத் தடுக்கத் தொட்டில் குழந்தைத் திட்டத்தை 1992ல் அரசு முதலில் தொடங்கியது சேலத்தில்தான். 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இங்கே ஆறு வயதுக்குட்பட்ட ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு 851 பெண் குழந்தைகளே இருந்தார்கள். அந்த ஆண்டுகளில் பிறந்து தப்பிய பெண்கள் இன்று தாய்மார்கள். அவர்களின் மகள்கள்தான் இப்போது ஆறாவதும் ஏழாவதும் படிக்கிறார்கள். மகள் ஓடுவதைப் பார்க்க அந்த அம்மாவை ஒருநாள் மைதானத்துக்கு அழைத்துவருவதை நான் எந்த மேடைப் பேச்சுக்கும் மேலாக வைப்பேன். பண்டூராவின் இரண்டாவது ஊற்று அம்மாவுக்கும் பொருந்தும்.

சரி, ஆய்வுகள் என்ன சொல்கின்றன? ஆர்வலர்கள் சொல்லும் அளவுக்கு இல்லை, சந்தேகப்படுகிறவர்கள் நினைக்கும் அளவுக்கு மோசமும் இல்லை. அமெரிக்கத் திட்டத்தை ஆராய்ந்த மினசோட்டா பல்கலைக்கழகக் குழு, தொடக்கத்தில் தன்னம்பிக்கை, திறமையுணர்வு ஆகியவற்றில் சராசரிக்குக் கீழே இருந்த சிறுமிகளே அதிகம் முன்னேறினார்கள் என்று கண்டது. ஸ்காட்லாந்தில் 2018ல் வெளியான ஒப்பீட்டில், தினமும் ஓடிய பள்ளியின் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் நேரம் குறைந்து, ஓட்டத் திறன் கொஞ்சம் கூடியிருந்தது. இங்கிலாந்தின் பர்மிங்காமில் இதே 'டெய்லி மைல்' திட்டத்தை 40 பள்ளிகளை வைத்து நடத்தி 2020ல் வெளியிட்ட சோதனையிலோ, ஒட்டுமொத்தமாக எடையில் சொல்லிக்கொள்ளும்படியான மாற்றம் இல்லை. பையன்களைவிடச் சிறுமிகளிடம் பலன் சற்றே கூடுதல். இப்படிப்பட்ட ஆய்வுகளில் ஒரு சிக்கல் எப்போதும் உண்டு. தானாக விரும்பிச் சேர்கிறவர்கள் ஏற்கெனவே கொஞ்சம் துணிந்தவர்கள். சேராதவளோடு அவளை ஒப்பிட்டால் ஓட்டத்துக்கு உரியதல்லாத புகழும் ஓட்டத்துக்கு வந்து சேரும். ஆகவே நம் பள்ளியில் யாராவது இதைத் தொடங்கினால் எடை பார்ப்பதை விட்டுவிட்டு மூன்றே விஷயங்களைக் குறித்துவைக்கலாம்: ஹீமோகுளோபின், பள்ளி வருகை, பன்னிரண்டாம் வாரத்திலும் வந்துகொண்டிருப்பவர்களில் இதற்குமுன் ஓடியே இராதவர்கள் எத்தனை பேர். எல்லோர் முன்னிலையிலும் எடை மெஷினில் ஏற்றுவது வேண்டவே வேண்டாம். குண்டு, ஒல்லி என்று பெயர் வைக்க வகுப்புக்கு ஒரு நிமிடம் போதும்.

மலைமேல் கணக்கு வேறு

சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் ஏற்காடு. கீழே நகரம் 280 மீட்டர் உயரத்துக்குள் இருக்கிறது, மேலே 1,500 மீட்டர். காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு. கீழிருந்து போகும் ஆசிரியைக்கு இரண்டு சுற்றில் மூச்சு முட்டும், அங்கேயே பிறந்த பிள்ளைக்குத் தெரியாது.

சேர்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடிக் கிராமங்களிலிருந்து பள்ளிக்கு நடந்து வரும் பெண் பிள்ளைகளுக்கு 'உடலை இயக்குங்கள்' என்று சொல்வது வேடிக்கை. ஏற்றமும் இறக்கமுமாக அவர்கள் தினமும் நடக்கும் தூரத்தை, நகரத்தில் காசு கட்டி ஜிம்முக்குப் போகிறவர்கள் நடப்பதில்லை. அவர்களுக்குக் குறை வேறு இடத்தில். காபித் தோட்டத்து ஈர மண்ணில் செருப்பில்லாமல் நடக்கும் காலின் தோலைத் துளைத்துக்கொண்டு கொக்கிப்புழுவின் இளம்புழு உள்ளே போகிறது. குடலில் ஒட்டிக்கொண்டு இரத்தம் குடிக்கிறது. சோகைக்கு அது ஒரு முக்கியக் காரணம். ஆண்டுக்கு இருமுறை பள்ளியில் தரும் அல்பெண்டசோல் மாத்திரை புழுவைக் கொல்லும், ஆனால் மறுநாள் அதே மண்ணில் அதே கால். ஆகவே சமவெளியில் முதல் செலவாக நான் வைக்காத ஷூவை மலையில் முதலில் வைப்பேன். அங்கே அது விளையாட்டுச் சாமான் அல்ல, மருந்து. கூடவே கடுங்காப்பிப் பழக்கம். காபி விளையும் ஊரில் விடிந்ததும் பாலில்லாக் காபியும் அதோடு ஏதோ ஒரு வாய்ச் சோறும் என்றால், சோற்றில் உள்ள கொஞ்சநஞ்ச இரும்பையும் காபி கட்டிப்போட்டுவிடும். ஒரு மணி நேரம் தள்ளிக் குடித்தால் போதும். மலைக்காரர்கள் ஒரு காலத்தில் அன்றாடம் உண்ட கேழ்வரகும் சாமையும் ரேஷன் அரிசிக்கு இடம் கொடுத்துவிட்டன. ஓட்டம் முடிந்து தரும் தின்பண்டமாகக் கேழ்வரகு உருண்டை அங்கே திரும்பி வரலாம். கால்சியத்துக்கு அதைவிட மலிவான தானியம் இல்லை.

இடர்களும் வேறு. காலையில் பனிமூட்டத்தில் காட்டெருமை குறுக்கே நிற்கும், ஆகவே தோட்டச் சாலையில் தனியாக ஓடச் சொல்லக் கூடாது. மழைக்காலத்தில் அட்டை. இறக்கத்தில் வேகமாக ஓடினால் முழங்காலுக்கு மேலே தொடை இரண்டு நாளைக்குப் பிடித்துக்கொள்ளும். மாலையில் பயிற்சி வைத்தால் உள்கிராமங்களுக்குப் போகும் கடைசிப் பேருந்து போய்விடும். பள்ளி நேரத்துக்குள்ளேயே, மதியத்துக்கு முந்தைய பாடவேளையில் வைப்பதுதான் மலைக்குச் சரி. உண்டு உறைவிடப் பள்ளிகளுக்கு இந்தச் சிக்கல் இல்லை. அங்கே பிள்ளைகள் இரவும் தங்குவதால், மாலை நேரம் முழுதும் கையில் இருக்கிறது.

மலைப் பெண்களுக்கு இந்தத் திட்டம் தரக்கூடியது, என் கணிப்பில், பயிற்சியைவிடப் பெயர். நாள்தோறும் நடக்கும் நடையை இதுவரை யாரும் ஒரு திறமையாகப் பார்த்துச் சொன்னதில்லை. பதினொன்றாம் வகுப்புக்குச் சேலத்து விடுதிக்கு இறங்கி வரும்போது பேச்சு வழக்கைக் கேலி செய்வார்கள், உடையைக் கேலி செய்வார்கள். 'நான் 5 கிலோமீட்டர் நிற்காமல் ஓடியவள்' என்பது அப்போது கையில் இருக்கும் ஒரு சான்றிதழ்.

யார் நடத்துவது

பெண்ணோ ஆணோ, பயிற்றுநராக வருகிறவருக்குப் பதக்கம் வாங்கிய கால்கள் தேவையில்லை. சத்துணவு அமைப்பாளரோ, தமிழாசிரியையோ, முன்னாள் மாணவியோ போதும். தானும் மூச்சு வாங்க ஓடுகிறவளாக இருந்தால் இன்னும் நல்லது. ஆனால் ஒரு விதியில் விட்டுக்கொடுக்கவே கூடாது: எந்தப் பெண்ணோடும் ஒரு பெரியவர் தனியாக இருக்கக் கூடாது, எப்போதும் இருவர், அதில் ஒருவர் பெண். விளையாட்டுப் பயிற்சியில் தொட்டுத் திருத்தும் சாக்கு எளிதில் கிடைக்கிறது. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டம் 2012லேயே வந்துவிட்டது. 1098 என்ற குழந்தைகள் உதவி எண் ஒவ்வொரு பெண்ணின் நோட்டுப் புத்தகத்திலும் இருக்க வேண்டும், அதை அழைப்பது துரோகமில்லை என்று வட்டத்தில் முதல் வாரமே பேசிவிட வேண்டும்.

சாலையில் ஓடுவது பின்னால் வரட்டும். ஓடும் பெண்ணைப் பார்த்து விசிலடிக்காத சாலை எங்கள் ஊரில் இன்னும் போடப்படவில்லை. மதில் சுவருக்குள் பத்து வாரம், பிறகு முப்பது பேராகச் சேர்ந்து ஒரே ஒருநாள் வெளியே. முப்பது பேர் சேர்ந்து ஓடும்போது விசிலடிக்கிறவன்தான் கூச்சப்படுவான்.

பத்தாம் வகுப்பை இதில் சேர்க்க முயன்று நேரத்தை வீணாக்க வேண்டாம் என்பேன். சிறப்பு வகுப்பு, மாதிரித் தேர்வு, அரையாண்டு என்று அவர்களை யாரும் விட மாட்டார்கள். ஆறு, ஏழு, எட்டு போதும். அங்கே பழகியவள் பத்தாவதில் தானாகக் காலையில் இரண்டு சுற்று ஓடுவாள்.

மாதமும் பார்த்துத் தொடங்க வேண்டும். ஜனவரியில், ஆண்டு விழாவுக்கு முன் அவசரமாகத் தொடங்குவதுதான் நம் வழக்கம். நவம்பர் முதல் பிப்ரவரி வரை மலையில் காபிப் பழம் பறிக்கும் காலம். தாயோடு தோட்டத்துக்குப் போகும் பெண்களின் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருக்கும். மார்ச்சில் சேலத்து மைதானத்தில் காலை ஒன்பதுக்கே கால் சுடும். பள்ளி திறந்த ஜூன் மூன்றாம் வாரம் தொடங்கினால், இடையில் ஒரு வாரம் மழைக்கு விட்டாலும், காலாண்டுத் தேர்வு நெருங்கும் செப்டம்பருக்குள் பன்னிரண்டு வாரம் முடிந்துவிடும். கடைசி நாள் ஓட்டத்துக்கு ரிப்பன் கட்டுவதாக இருந்தால், அதைப் பிடித்துக்கொண்டு நிற்க இருவரை அமர்த்துங்கள். குண்டெறிதலை அன்றைக்கு வைக்காதீர்கள்.